இடது காதுக்கு ஓர் அச்சு

தோ பாயோ
4 ஆகஸ்ட் 2025, திங்கள்

நஸீஹா,

அஸ்ஸலாமு அலைக்கும். என் எண்ணை நீ தடுத்துவைத்திருக்கிறாய் என்பது ஒன்பதாவது முறை அழைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதனால்தான் இந்தக் கடிதம். அக்கா கடிதம் எழுதுகிற அளவுக்குப் போய்விட்டாளே என்று நீ சிரித்தாலும் பரவாயில்லை, முழுதும் படித்துவிட்டுச் சிரி.

உம்மா வெள்ளிக்கிழமை இங்கே வந்துவிட்டார். இரண்டு பை, ஒரு பிரஷர் குக்கர். குக்கர் எதற்கு உம்மா, இங்கே இல்லையா என்றால், "உன் குக்கருல வெந்தா சோறு குழையுது" என்கிறார். அந்த டிஜே பெட்டி மார்சிலிங் வீட்டில் இருக்கிறவரை திரும்பி வரமாட்டாராம். இதை என்னிடம் சொல்லவில்லை, உமைரிடம் சொன்னார். மருமகனிடம் சொன்னால் அது முடிவு என்று அர்த்தம், உனக்குத் தெரியும்.

இப்போது என் பக்கத்தைச் சொல்கிறேன். இடது காதில் இரைச்சல் கேட்கிறது என்று ஜூலையில் என் செவிச் சோதனை நிலையத்துக்கு வந்தவள் நீதான். சோதித்தது நான். மெல்லிய, உயர்ந்த ஒலிகளை இடது காது சரியாக எடுக்கவில்லை. முப்பது வயதுகூட ஆகாத காதின் சோதனை வரைபடத்தில் அப்படி ஒரு பள்ளம் இருக்கக் கூடாது. அன்று மாலையே உம்மா போன் செய்து, "புள்ளைக்குக் காதுல என்னவாம்?" என்று கேட்டார். நீ வந்துபோனது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டதால் வந்தது என்றேன். உண்மையும் அதுதான்.

ரமலானில் உன் காதுக்கென்றே அச்சு எடுத்து, அந்த அச்சில் இயர்போன் செய்துகொடுத்தேன். எட்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். கிழவர், கிழவி, பள்ளிப் பிள்ளை என்று எத்தனையோ காதுகள். நான் எடுத்த அச்சில் பழுது கிடையாது. சரியாகப் பொருந்திய ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு வால்யூமை உச்சிக்கு ஏற்றினால் யார் பொறுப்பு?

செப்டம்பர் 27 நிகழ்ச்சியை ரத்து செய். மூன்று மாதம் காதுக்கு ஓய்வு கொடு. பிறகு பேசுவோம்.

ஆஸ்மா


மார்சிலிங்
7 ஆகஸ்ட் 2025

லாத்தா,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் தபால் பெட்டியில் டவுன் கவுன்சில் நோட்டீசுக்கும் பீட்சா விளம்பரத்துக்கும் நடுவில் கிடந்தது. முழுதும் படித்தேன். சிரிக்கவில்லை.

உன் நிலையத்தில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. வருகிறவர்களின் விவரம் வெளியே போகாது என்று நான்கு மொழியில் எழுதியிருக்கிறது. தமிழில் இருப்பதை நீதான் திருத்திக் கொடுத்தாய். அது தங்கச்சிக்குப் பொருந்தாதா? உம்மா கேட்டால், "அவகிட்டயே கேளுங்க" என்று நான்கு வார்த்தைகூட இல்லை, இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் உம்மா என் டிஜே மிக்ஸரைப் போர்வையில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருக்கிறார். என் காதைப் பற்றி எனக்கு முன்னால் வீடு முழுக்கத் தெரிந்திருக்கிறது. சாவியை வாங்க நான் கத்தினேன். கத்தியது தப்பு. மற்றது எதுவும் தப்பில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குச் சரியாகத் தெரியாது. ஆறு வருடத்தில் ஒரு நிகழ்ச்சிக்கும் நீ வந்ததில்லை. நம் ஆட்கள் வீட்டு மருதாணி நிகழ்ச்சிகளில் பெண்களுக்கென்று தனியாகப் பாட்டு வைப்பது நான்தான். ஒரு பாட்டு கூடத்தில் ஓடும்போது அடுத்த பாட்டை என் காதில் மட்டும் கேட்டு, இரண்டின் தாளத்தையும் ஒட்டவைத்து, சத்தம் போடாமல் மாற்ற வேண்டும். மற்ற டிஜேக்கள் பெரிய ஹெட்போனை ஒரு காதில் மாட்டி, மறு காதைத் திறந்துவைத்துக் கூடத்தைக் கேட்பார்கள். எனக்கு அது தலையை மூடிய தூடோங் துணிமேல் வழுக்கிக்கொண்டே போகும். பெண்கள் மட்டும் என்றாலும் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் ஆண்கள், ஒவ்வொருத்தி கையிலும் கேமரா. தூடோங்கைக் கழற்ற மாட்டேன். அதனால்தான் துணிக்கு உள்ளே அடங்குகிற இயர்போன் கேட்டேன். அதிலும் இடது பக்கம் மட்டும்தான் வைக்கிறேன். இரண்டையும் வைத்தால் கூடம் செத்துப்போகிறது. வேண்டும்போது ஒன்றைப் பிடுங்கலாம் என்றால், ஊசி குத்திய துணிக்குள் கையை விட்டுத் தேட முடியாது.

இன்னொன்றும் சொல்கிறேன், குறித்துக்கொள். மைக்கில் "எல்லாரும் கையத் தூக்குங்க லா" என்று வாயைத் திறந்து கூவும்போதெல்லாம் காதில் பாஸ், அந்தக் கனத்த அடியொலி, காணாமல் போகிறது. தாளமே பாஸில்தான் இருக்கிறது. அதனால் கூட்டுகிறேன். ஆசைக்குக் கூட்டவில்லை.

27-ஐ ரத்து செய்ய மாட்டேன். ஆமினா பீவி தன் மகள் சம்சுன்னிசாவின் மருதாணிக்கு என்னை மார்ச்சிலேயே கேட்டு வைத்துவிட்டார். யீஷூனில் கூடம்கூடப் பிடித்தாயிற்று.

உம்மாவின் பிரஷர் மாத்திரை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. முன்னால் கொடுத்தால் தலை சுற்றும்.

நஸீஹா


தோ பாயோ
11 ஆகஸ்ட் 2025

நஸீஹா,

ஸலாம். உம்மாவிடம் சொன்னதைப் பற்றி நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். அதற்குப் பதில் எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். பிறகு எழுதுகிறேன். இப்போது காதைப் பேசுவோம், அது எனக்குத் தெரிந்த விஷயம்.

இடது பக்கம் மட்டும் வைக்கிறாய் என்று நீ என்னிடம் சொல்லவே இல்லை. ஒரு காது அடைத்து ஒரு காது திறந்திருந்தால், திறந்த காது வழியாகக் கூடத்துச் சத்தம் முழுதும் உள்ளே வரும். அதை மீறிக் கேட்க அடைத்த காதில் இன்னும் கூட்டுவாய். கூட்டியது தெரியாது. இரண்டு காதிலும் வைத்தால் அதே பாட்டு பாதிக்குக் கீழ் வால்யூமில் தெளிவாகக் கேட்கும். கூடம் செத்துப்போகிறது என்கிறாய். உங்கள் மிக்ஸரில் அடுத்த பாட்டையும் கூடத்தில் ஓடும் பாட்டையும் சேர்த்துக் காதுக்குள் அனுப்ப ஒரு திருகு இருக்குமே. நிலையத்துக்கு வருகிற இசைக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது உன் பெட்டியில் இருக்கிறதா? இருந்தால் ஏன் தொடவில்லை?

வாயைத் திறந்தால் பாஸ் போகிறது என்பது எனக்கு நம்பிக்கையாக இல்லை. கூட்டத்தின் ஆரவாரத்தில் அப்படித் தோன்றியிருக்கும். அச்சு சரியாகத்தான் இருந்தது.

ஒன்று செய். இரண்டு வாரம், காதில் எதை வைத்தாலும் ஒரு நோட்டில் எழுது. எங்கே, எவ்வளவு நேரம், வால்யூம் எத்தனையாவது கோடு. மேடையில் மட்டும் இல்லை, எல்லா இடத்திலும். அதை வைத்து எந்த மாதிரி வேண்டும் என்று முடிவு செய்யலாம். பெயர் பெற்றது, பளபளப்பானது என்று கடையில் யாராவது தலையில் கட்டினால் வாங்கிவிடாதே.

27-ஐப் பற்றி என் எண்ணம் மாறவில்லை.

உம்மாவுக்கு மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கிறேன். தலை சுற்றல் நின்றுவிட்டது.

ஆஸ்மா


மார்சிலிங்
26 ஆகஸ்ட் 2025

லாத்தா,

நோட்டு எழுதினேன். எழுதாமல் விட்டால் நீ ஜெயித்துவிடுவாய் என்கிற ஒரே காரணத்துக்காக எழுதினேன். ஆனால் அதில் வந்ததைக் கூட்டிப் பார்த்த பிறகு ஒளிக்க மனமில்லை, சொல்கிறேன்.

மேடையில் இரண்டு வாரத்தில் ஆறு மணி நேரம். ரயிலிலும் நடையிலும் பத்தொன்பது மணி நேரம்.

மார்சிலிங்கில் ஏறி நியூட்டனில் மாறி லிட்டில் இந்தியாவில் இறங்குகிறேன். ஒரு பக்கத்துக்கு ஐம்பது நிமிடம். அடுத்த நிகழ்ச்சிக்கான பாட்டுகளை அப்போதுதான் கேட்டு வரிசைப்படுத்துகிறேன், உன் அதே இயர்போனில், இடது பக்கம் மட்டும். பிஷான் வரை ரயில் வெளியே ஓடும்போது பதினாறில் ஒன்பது கோடு. பிஷானைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் இறங்கியதும் என் விரல் தானாகப் பதினான்குக்குப் போகிறது. போனதே நோட்டில் எழுதும்போதுதான் தெரிந்தது. தினமும் தோ பாயோ ஸ்டேஷனைப் பதினான்காவது கோட்டில் தாண்டிப் போகிறேன். நீயும் உம்மாவும் மேலே ஐந்து நிமிட நடையில் இருக்கிறீர்கள், நான் கீழே காதைக் கெடுத்துக்கொண்டு போகிறேன்.

எனவே ரயிலுக்கு வேறு, மேடைக்கு வேறு என்று முடிவு செய்தேன். மயூரா தெரியுமில்லையா, என் டிராவல்ஸ் அலுவலகத்தில் டிக்கெட் போடுகிறவள். அவளைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை மதியம் ரோச்சோர் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். இரண்டு மணி நேரம் இருந்தோம். கடைக்காரர் முதலில் வயர் இல்லாததைக் காட்டி, இதுதான் இப்போது எல்லாரும் வாங்குகிறார்கள் என்றார். என் சின்ன மிக்ஸரைப் பையிலிருந்து எடுத்து வைத்து இரண்டு பாட்டு போட்டுக் காட்டினேன். வயர் இல்லாததில் தாளம் ஒரு நொடிக்கும் குறைவாகப் பிந்தி வருகிறது. பாட்டுக் கேட்க அது போதும், தாளம் ஒட்டவைக்கப் போதாது. அவர் ஒத்துக்கொண்டார். அதை ரயிலுக்கு எடுத்துக்கொண்டேன்.

பிறகு மேடைக்கு வயர் உள்ளவை. வயர் தனியாகக் கழல வேண்டும், அறுந்தால் வயரை மட்டும் மாற்றலாம். காதுக்கு மேலாகச் சுற்றிப் போக வேண்டும், தூடோங்குக்குள் இழுபடாது. ரப்பர் முனை மூன்று அளவும், அமுக்கி வைத்தால் காதுக்குள் விரிகிற பஞ்சு முனையும் போட்டுப் பார்த்தேன். என் வலது காதும் இடது காதும் ஒரே அளவு இல்லை என்று இருபத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டேன்.

இப்போது முக்கியமானது. கடையில் பஞ்சு முனை போட்ட சாதாரண இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து, "எல்லாரும் கையத் தூக்குங்க லா" என்று கத்தினேன். கடையில் இருந்த இரண்டு பேர் நிஜமாகவே கையைத் தூக்கினார்கள். மயூரா, "ஐயோ, எனக்கு வெக்கமாக் கிடக்கு, நான் வெளியில நிக்கிறன்" என்று யாழ்ப்பாணத் தமிழுக்கே போய்விட்டாள். பாஸ் அசையவில்லை. அப்புறம் உன் அச்சில் செய்ததை வைத்துக் கத்தினேன். போய்விட்டது. மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்தேன். மூன்று முறையும் போய்விட்டது. அங்கே கூட்டமும் இல்லை, ஆரவாரமும் இல்லை.

தோன்றியிருக்கும் என்று எழுதினாய். தோன்றவில்லை, லாத்தா. என் காதுக்கென்று செய்தது, எல்லார் காதுக்கும் செய்ததைவிட மோசமாகப் பொருந்துகிறது. ஏன்? பதில் சொல்.

நஸீஹா


தோ பாயோ
29 ஆகஸ்ட் 2025

நஸீஹா,

பதில் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று நிலையத்தில் உன் அச்சின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். பிறகு என் குறிப்பேட்டை எடுத்தேன். மார்ச் 14, வெள்ளி, பிற்பகல் மூன்று மணி. நோன்பு பதின்மூன்று.

காதுக்குள் பசையை ஊற்றி அச்சு எடுக்கும்போது, பாடுகிறவர்களுக்கும் மைக்கில் பேசுகிறவர்களுக்கும் பல்லிடுக்கில் ஒரு சின்னக் கட்டையைக் கடிக்கக் கொடுக்க வேண்டும். வாய் திறந்தால் தாடை நகரும், தாடை நகர்ந்தால் காதுத் துவாரத்தின் வடிவம் மாறும். திறந்த வாயில் எடுத்த அச்சுதான் கூவும்போதும் அடைத்து நிற்கும். இதை நான் படித்திருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அன்று கட்டையைக் கையில் எடுத்தேன். நீ உதடு காய்ந்து உட்கார்ந்திருந்தாய். புள்ளை நோன்பு, வாயில் எதற்கு எதையாவது வைப்பது என்று திரும்ப வைத்துவிட்டேன். ஒரு கட்டையைக் கடித்தால் நோன்பு முறியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனசு வரவில்லை. வாயை மூடச் சொல்லி, காது கேளாத முதியவர்களுக்கு எடுப்பதுபோல எடுத்தேன். நோன்பு முடிந்த பிறகு வா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆக, நீ கூவும்போதெல்லாம் அச்சுக்கும் காதுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. பாஸ் அதன் வழியாகத்தான் வெளியே போனது. அதை ஈடுகட்ட நீ கூட்டினாய். நான் அதைக் கற்பனை என்றேன். எட்டு வருடம், பழுதே கிடையாது என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று உம்மாவிடம் சொன்னேன். தவறு என் கையில், நான் உங்களிடம் சொன்னது பாதிதான் உண்மை என்றேன். உம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "யாரு கையில தப்புன்னாலும் கெட்டது அவ காதுதானே" என்றார்.

உன் சோதனை முடிவை உம்மாவிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது. கிழித்த இரண்டு தாளிலும் காரணம் காரணமாக எழுதியிருந்தேன். காரணம் எதுவும் வேண்டாம். சொல்லியிருக்கக் கூடாது.

புதிய அச்சு எடுக்க வேண்டும். என்னிடம் வேண்டாம். பிரபாகர் என்று ஒருவர் ஜூரோங்கில் இருக்கிறார், பாடகர்களுக்கு எடுத்துப் பழகியவர். முகவரி பின்பக்கத்தில். இனி உன் காதில் நான் கை வைக்க மாட்டேன்.

ஆஸ்மா


மார்சிலிங்
2 செப்டம்பர் 2025

லாத்தா,

உன் கடிதத்தை ரயிலில் படித்தேன். காதில் எதுவும் வைக்காமல். சுரங்கத்துக்குள் எவ்வளவு இரைச்சல் என்று அப்போதுதான் முழுதாகக் கேட்டது, அதற்கு மேலே என் காதின் சொந்த இரைச்சலும்.

கோபமாக இருக்கிறது. நீ நல்ல எண்ணத்தில் செய்தாய் என்பதால் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்கிறது. என் நோன்பை என்னைக் கேட்காமல் நீ காப்பாற்றினாய். என் காதை என்னைக் கேட்காமல் உம்மாவிடம் ஒப்படைத்தாய். இரண்டும் ஒரே குணம். நான் குழந்தை, நீ முடிவு செய்வாய். இதைச் சொல்லிவிட்டால்தான் மற்றதை எழுத முடியும், அதனால் சொல்லிவிட்டேன்.

மற்றது இது. முழுப் பழியையும் நீ தூக்கிக்கொண்டு ஜூரோங் முகவரியோடு ஒதுங்கிக்கொள்ளப் பார்க்கிறாய். விட மாட்டேன். பத்தொன்பது மணி நேர ரயிலில் நான் யாரையும் கையைத் தூக்கச் சொல்லவில்லை. அங்கே என் வாய் மூடித்தான் இருந்தது. ஒற்றைக் காதில் வைத்ததும், சுரங்கத்தில் பதினான்குக்கு ஏற்றியதும் என் விரல். இரைச்சல் ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது. ஜூலை வரை வாயைத் திறக்காமல் இருந்ததும் நான். அதற்கு நீ பொறுப்பில்லை.

நீ கேட்ட திருகு என் மிக்ஸரில் இருக்கிறது. ஆறு வருடமாக ஒரு ஓரத்தில் திருப்பி வைத்து மறந்திருக்கிறேன். ஒரு வாரமாக இரண்டு காதிலும் பஞ்சு முனை வைத்து, திருகை நடுவில் வைத்துப் பழகுகிறேன். முதல் மூன்று நாள் தாளம் எல்லாம் குதிரை வண்டியாக ஓடியது. நேற்று பத்துப் பாட்டில் எட்டு ஒட்டியது. பஞ்சு முனையோடு மேடை ஏறலாம், ஆனால் இரண்டு மணி நேரத்தில் வியர்வையில் நழுவுகிறது. அச்சுதான் வேண்டும்.

அந்த அச்சை நீதான் எடுக்க வேண்டும். பிரபாகர் நல்லவராக இருக்கலாம். நான் தூடோங்கை எடுத்துவிட்டு அவர் முன்னால் உட்கார மாட்டேன், அது ஒன்று. எங்கே தவறு நடந்தது என்று தெரிந்த கை உன்னுடையது மட்டும்தான், அது இரண்டு. திங்கள் எட்டாம் தேதி மதியம் ஒரு மணிக்கு வருகிறேன். கட்டையை எடுத்து வை. சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன்.

போனில் உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் எழுது. பேசினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம்.

நஸீஹா


தோ பாயோ
23 செப்டம்பர் 2025

நஸீஹா,

ஸலாம். இதோடு இருக்கும் சிறு பெட்டியில் புதிய அச்சில் செய்த இயர்போன் இரண்டும் இருக்கின்றன. சிவப்புப் புள்ளி வலது, நீலம் இடது.

அன்று கட்டையைக் கடித்துக்கொண்டே நீ ஏதோ பாட்டை முனகினாய். அசையாதே என்று அதட்டினேன். பிறகு, முனகட்டும், மேடையில் இவள் அசையாமலா இருக்கப்போகிறாள் என்று விட்டுவிட்டேன். பசையை ஊற்றுவதற்கு முன் கட்டை சரியாக இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். நீ கவனித்திருப்பாய். கேலி செய்யாமல் விட்டதற்கு நன்றி.

அன்று நீ கேட்டபடி காது மருத்துவரும் உன்னைப் பார்த்துவிட்டார். போன கேட்கும் திறன் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று அவர் உன்னிடம் சொன்னதைத்தான் நானும் சொல்வேன். இரண்டையும் போட்டுக்கொண்டு கத்திப் பார். சிறு இடைவெளி தெரிந்தாலும் 27-க்கு இதை எடுத்துப் போகாதே, பஞ்சு முனையே போதும். ரயிலுக்கு நீ வாங்கியிருக்கும் வயர் இல்லாதது சரியான தேர்வு. வெளி இரைச்சலை அதுவே அடக்குகிறது, எட்டாவது கோட்டுக்கு மேல் தேவைப்படாது. சாலையைக் கடக்கும்போது மட்டும் கழற்றிவிடு.

ரத்து செய் என்று இனி சொல்ல மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். 30-ஆம் தேதி செவ்வாய் காலை சோதனைக்கு வா. இடது காது ஜூலையில் இருந்ததைவிட ஒரு படி இறங்கியிருந்தாலும், மேடையை நிறுத்துவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். நானும் உம்மாவும் அதில் இல்லை.

உம்மா இன்னும் அசையவில்லை. ஆனால் உன் நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும் என்று உமைரிடம் கேட்டாராம்.

ஆஸ்மா


மார்சிலிங்
28 செப்டம்பர் 2025, ஞாயிறு

லாத்தா,

செவ்வாய் வருகிறேன். இறங்கியிருந்தால் நிறுத்திவிடுவேன். நேற்று நிகழ்ச்சிக்குப் போவதற்கு முன்பே மயூராவிடம் இதைச் சொல்லிவிட்டேன், பின்வாங்கக் கூடாது என்று.

நேற்று நடந்ததை உனக்கு வரிசையாகச் சொல்ல வேண்டும். நான்கு மணிக்குத் தொடங்கினோம். நூற்று எண்பது பெண்கள். மேடையில் நான் பழகாதது ஒன்றுதான், இரண்டு காதும் அடைத்திருப்பது. கூடம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோல இருந்தது. முதல் பத்து நிமிடம் கை தானாகத் தூடோங்குக்குள் போனது, வலது பக்கத்தைப் பிடுங்க. இரண்டு முறை போனது. இரண்டு முறையும் கையைக் கீழே இறக்கினேன். மூன்றாவது பாட்டில் திருகு நடுவில் நின்றது, இரண்டு தாளமும் காதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. வால்யூம் பாதிக்கும் கீழே. நான் கூவினேன். பாஸ் இருந்தது. மறுபடி கூவினேன், சும்மா, இருக்கிறதா என்று பார்க்க. இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டம் நடந்துகொண்டிருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்கு ஆமினா பீவி மேடைக்கே வந்துவிட்டார். "என்னம்மா, போன தடவ என் தங்கச்சி வூட்டுல தரையே அதிர்ந்துச்சு. இன்னைக்கு ஏன் இவ்ளோ மெதுவா வச்சிருக்க?" என்றார். பழைய நஸீஹா என்றால் ஸ்பீக்கரை ஏற்றியிருப்பாள். நான் சொன்னேன், "மாமி, என் காது ஒண்ணு கெட்டுப்போச்சு. கெட்டதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. உங்க மக ஸ்பீக்கருக்கு நேரா உக்காந்திருக்கு, கையில மருதாணி. காதப் பொத்தக்கூட முடியாது." அவர் திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு தானே போய் அவள் நாற்காலியை மூன்றடி தள்ளிப் போட்டுவிட்டு வந்து, "சரி, இதே போதும் லா" என்றார்.

என் காது கெட்டுப்போனது என்று வெளி ஆளிடம் நான் வாயால் சொன்னது அதுதான் முதல் முறை. உன்னிடம்கூட அப்படிச் சொன்னதில்லை, இரைச்சல் என்றுதான் சொன்னேன்.

ஆறரைக்கு முடிந்தது. சாமான் வைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் கழற்றினேன். வழக்கமாக அந்த நேரத்தில் இடது காது கொசு அடைபட்டதுபோலக் கத்தும். கேட்டுக்கொண்டே நின்றேன். இரைச்சல் இருந்தது. போகும்போது இருந்த அளவுதான் இருந்தது என்று எனக்குப் பட்டது. ஆனால் எனக்குப் படுவதை நான் இப்போது நம்புவதில்லை. செவ்வாய்க்கிழமை நீ அளந்து சொல்வதைத்தான் நம்புவேன்.

பயமாக இருக்கிறது, லாத்தா. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நஸீஹா


தோ பாயோ
30 செப்டம்பர் 2025, செவ்வாய்

நஸீஹா,

சோதனை அறையிலிருந்து வெளியே வந்ததும் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாய். "எழுதி அனுப்பு லாத்தா, உன் முகத்தப் பாத்து என்னால கேக்க முடியாது" என்றாய். உமைர் மதியம் லிட்டில் இந்தியாவுக்கு வருகிறார், உன் அலுவலகத்தில் இதைக் கொடுத்துவிடுவார். உறையை ஒட்டியிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

வலது காதில் குறை இல்லை. இடது காதில் ஜூலையில் பார்த்த பள்ளம் அதே இடத்தில் இருக்கிறது, மேலே வரவில்லை. கீழேயும் போகவில்லை. சந்தேகத்துக்கு மூன்று முறை அளந்தேன். ஒரு படி இறங்கவில்லை, நஸீஹா, அரைப் படியும் இறங்கவில்லை. மேடை உன்னுடையது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து உட்கார், நான் அளக்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துதான் இதை எழுதுகிறேன். உள்ளே நுழைந்ததும் உம்மா வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார். "என்னடி, புள்ளைக்கு என்ன வந்துச்சு?" என்றார். வாய் வரை வந்துவிட்டது, நல்ல செய்திதானே என்று. "அவகிட்டயே கேளுங்க உம்மா" என்றேன். முகம் சிவந்துபோய், "பெத்தவகிட்ட சொல்லக்கூடாதா?" என்றார். "அவ காது, உம்மா. அவ சொல்லுவா" என்றேன். நான் இங்கே எழுதுகிறேன், அவர் எதிரே உட்கார்ந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் ரயிலில் வரும்போது இங்கே இறங்கு. கதவைத் திறந்ததும் உம்மா கேட்பார். நீ சொல்லி முடிக்கிறவரை நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ஆஸ்மா